எழுத்து, குறி, உரு: எண்ணிம எழுத்துருவியலின் அடிப்படைக் கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எண்ணிம எழுத்துருவியலுக்குத் தமிழில் வழங்கும் அடிப்படைக் கலைச்சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘எழுத்துரு’ என்னும் ஒரே சொல் வேறுபட்ட பல பொருள்களைச் சுமப்பதும், இலக்கணம் வகுத்த ‘எழுத்து’ என்னும் கருத்து கணினியின் குறியோடு ஒன்றாக எண்ணப்படுவதும் குறியேற்ற விவாதங்களையும் நூல்களின் மின்பதிப்பையும் எவ்வாறு பாதித்துள்ளன என்பதைச் சான்றுகளுடன் விளக்குகிறது. உரோமன் எழுத்துகளின் உறுப்பமைதியைக் கொண்டு உருவான சொற்களைத் தமிழுக்கு அப்படியே பெயர்ப்பதிலுள்ள இடர்களையும், பள்ளிக்கூட வழக்கிலுள்ள சொற்களின் பயனையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, வரிவடிவம், ஒருங்குறி, குறியேற்றம், அச்சுக்கலை, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய தமிழ் விவாதங்கள் பெரும்பாலும் ஒரு சொல் தூய தமிழா அன்றா, எளிதா கடினமா என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. ஒரு துறையின் சொற்கள் ஒன்றையொன்று எவ்வாறு வரையறுக்கின்றன என்பது அதனினும் முதன்மையான கேள்வி. தனியே பார்க்கும்போது குறையற்ற ஒரு சொல், பக்கத்துச் சொல்லின் இடத்தையும் எடுத்துக்கொள்ளுமானால் அது கலைச்சொல்லாகப் பயன்படாது. எண்ணிம எழுத்துருவியலில் ‘எழுத்துரு’ என்னும் சொல்லுக்கு நேர்ந்திருப்பது இதுவே.

‘எழுத்துரு’ சுமக்கும் பொருள்கள்

எழுத்து, உரு என்னும் இரண்டும் சேர்ந்த இச்சொல், அமைப்பால் ‘எழுத்தினது உரு’ என்று விரியும். அதாவது, ஒரு குறிப்பிட்ட எழுத்து கண்ணுக்குத் தோன்றும் வடிவம். ஆங்கிலத்தில் கிளிஃப் எனப்படும் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமைவது அரிது. ஆனால் வழக்கில் இச்சொல் ஃபான்ட் என்பதற்கு உரியதாயிற்று. அத்துடன் நில்லாமல், ஃபான்ட் என்பதிலிருந்து வேறுபடுத்த வேண்டிய டைப்ஃபேஸ் என்பதற்கும் இதுவே வழங்குகிறது.

உலோக அச்சுக் காலத்தில் இவ்வேறுபாடு கையால் தொட்டுணரத்தக்கதாக இருந்தது. ஈயக் கலவையில் வார்த்த ஒவ்வோர் அச்செழுத்தின் உச்சியிலும் மை படியும் பரப்பு அதன் முகம். அம்முகத்தின் வடிவமைப்பு ஒன்றாக இருக்கும்; அவ்வடிவமைப்பில் ஒரு குறிப்பிட்ட அளவில் வார்த்தெடுத்த அச்செழுத்துகளின் முழுத் தொகுதி வேறொன்றாக இருக்கும். ஃபான்ட் என்னும் சொல்லே உருக்கி வார்த்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ஒரே வடிவமைப்பில் 10 புள்ளி அளவுக்கு ஒரு வார்ப்பும் 12 புள்ளி அளவுக்கு வேறொரு வார்ப்பும் வேண்டியிருந்தன. 1710களில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகளை அங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று. அங்குச் சிக்கல் வார்ப்பில் இருந்தது. தமிழ் எழுத்தில் இல்லை.

கணினியில் வார்ப்பு என்பது ஒரு கோப்பாயிற்று. வளைகோடுகளால் வரையறுத்த உருவங்கள், எந்தக் குறிக்கு எந்த உருவம் என்னும் அட்டவணை, உருவங்கள் ஒன்றையொன்று மாற்றியும் நகர்த்தியும் அமைவதற்கான விதிகள் ஆகியவை அடங்கிய மென்பொருள் அது. அளவு அதன் பகுதியாக இல்லாமற்போயிற்று. ஒரே கோப்பு எல்லா அளவிலும் எழுதும். 2016இல் அறிமுகமான மாறுநிலை எழுத்துருக்களில் தடிப்பும் அகலமும்கூட ஒரே கோப்புக்குள் தொடர்ச்சியாக மாறத்தக்கவை ஆயின. ஆகவே பிற மொழிகளிலும் ஃபான்ட், டைப்ஃபேஸ் என்னும் வேறுபாடு தளர்ந்துள்ளது என்று ஒருவர் வாதிடலாம், அது உண்மையே. தமிழில் நேர்ந்த குழப்பம் இந்த வகையைச் சேர்ந்ததன்று. தமிழில் ‘எழுத்துரு’ வடிவமைப்போடு மட்டும் கலக்கவில்லை, குறியேற்றத்தோடும் கலந்தது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ‘பாமினி’. இப்பெயர் ஓர் எழுத்துருவின் பெயர். அவ்வெழுத்துரு பின்பற்றிய குறியேற்றத்தின் பெயர். அதற்குரிய விசைப்பலகை அமைப்பின் பெயர். ‘பாமினியில் தட்டச்சிட்டது’ என்று ஒருவர் கூறினால் இம்மூன்றில் எதைக் கூறுகிறார் என்பதைச் சூழலைக் கொண்டே உணர வேண்டும். பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பில் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே. எழுத்துரு நீங்கினால் தமிழும் நீங்கும். 1990களில் உருவான தமிழ்க் கோப்புகள் பல இன்று படிக்க இயலாத எழுத்துக் குவியலாகக் கிடப்பதன் காரணம் இதுவே. அதனை ‘எழுத்துருச் சிக்கல்’ என்று அழைத்தோம். எழுத்துருவை நிறுவித் தீர்க்கவும் முயன்றோம். சிக்கல் குறியேற்றத்தில் இருந்தது. நோயின் பெயரைத் தவறாகச் சொன்னதால் மருந்தும் தவறாயிற்று.

சுவடிப் பதிப்பாளர் அறிந்த வேறுபாடு

ஒலிவடிவம், வரிவடிவம் என்னும் இரண்டையும் தமிழ் இலக்கண மரபு தெளிவாகப் பிரித்தறிந்தது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் ஒலியையே முதன்மையாகப் பேசுகிறது. மெய்க்கும் குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி பெறுதலைக் கூறும் இடங்கள் போன்ற சிலவற்றிலேயே வரிவடிவம் தலைகாட்டுகிறது. எழுத்து ஒன்றாக நிற்க, அதன் வடிவம் காலந்தோறும் மாறும் என்னும் தெளிவு அம்மரபுக்கு உண்டு.

இத்தெளிவைத் தொழிலாகவே கொண்டிருந்தவர்கள் சுவடிப் பதிப்பாளர்கள். ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வேறுபடுத்தப்படவில்லை. நெடிலுக்கு இரட்டைக்கொம்பு வழங்கியதை வீரமாமுனிவர் செய்த திருத்தமாகக் கூறுவது மரபு. துணைக்காலும் ரகரமும் ஒரே கீற்றாக இருக்கும். உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாளர் ஓலையில் கண்டது உரு. ஏட்டில் பெயர்த்தது எழுத்து. கண்ட உரு ஒன்றேயாயினும் அது ரகரமா, துணைக்காலா என்பதை யாப்பும் பொருளும் கொண்டே முடிவு செய்தனர். ஓர் உருவுக்கு இரண்டு எழுத்துகள் இருக்கலாம் என்பதைக் கணினி வந்து நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. வியப்பென்னவெனில், பதிப்பியலில் இவ்வளவு நுட்பமாக வழங்கிய வேறுபாடு, அம்மரபை நன்கறிந்தவர்களின் கணினிக் கட்டுரைகளிலும் காணாமற்போவதுதான்.

அச்சிலும் இதே நிலை தொடர்ந்தது. தமிழ் எண் ஒன்றும் ககர வடிவமும் பார்வைக்கு ஒன்றே. எண் ஏழும் எகரமும், எண் எட்டும் அகரமும் அவ்வாறே. அச்சுக்கோப்பவர்க்கு ஒரே அச்செழுத்து இரண்டு வேலைக்கும் போதுமானதாக இருந்தது. ஒருங்குறியில் இவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உள்ளன. பார்வைக்கு வேறுபாடு இல்லாததால் எண்ணுக்குப் பதிலாக எழுத்தையே இடுவோர் பலர். அச்சிட்ட தாளில் பிழை தெரியாது. அக்கோப்பைக் கொண்டு கணக்கிடவோ வரிசைப்படுத்தவோ முயலும்போதே தெரியும்.

இதனினும் பரவலானது ஔகாரக் குறி. அதன் வலப்பக்க உறுப்பு ளகரத்தைப் போன்றே தோன்றும். அதனால் ‘கௌரவம்’ என்பதற்கு மாறாகக் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்னும் மூன்று குறிகளை இட்டுக் ‘கெளரவம்’ என எழுதும் வழக்கம் இணையத்தில் மிகுதி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடுபொறிக்கும் அகரவரிசைக்கும் சொற்பிழை திருத்திக்கும் இரண்டும் வேறு வேறு சொற்கள். இங்கு எழுதியவர் உருவைப் பார்த்து எழுதினார். குறியைக் கருதி எழுதவில்லை. இப்பிழையை மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர் ‘உரு சரி, குறி தவறு’ என்று சொல்ல வேண்டும். அவர் கையில் இருப்பதோ ‘எழுத்து’, ‘எழுத்துரு’ என்னும் இரண்டு சொற்கள்; இரண்டில் எதைக் கொண்டும் இப்பிழையை விளக்க இயலாது.

சில கலைச்சொல் பட்டியல்களில் ‘வரியுரு’ என்னும் சொல் குறிக்கப்பட்ட எழுத்தலகுக்கு, அதாவது ஆங்கிலத்தார் கேரக்டர் என்பதற்கு, ஆளப்பட்டுள்ளது. வரியும் உருவும் எழுதப்பட்ட தோற்றத்தையே சுட்டுவன. எழுதப்பட்ட தோற்றத்தைச் சாராதது என்பதே கேரக்டர் என்னும் கருத்தின் சாரம். ஆக, உருவைக் குறிக்க வேண்டிய சொல் கோப்புக்குச் சென்றது. உருவற்றதைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘உரு’ வந்து அமர்ந்தது.

இடப் பற்றாக்குறை என்னும் வாதம்

சொற்குழப்பத்தின் விலை மிகுதியாகத் தெரிவது ஒருங்குறி பற்றிய விவாதத்தில். தமிழுக்கு 247 எழுத்துகள். ஒருங்குறி ஒதுக்கியதோ 128 இடங்கள். அவற்றிலும் நிரம்பியவை 72. எனவே தமிழ் வஞ்சிக்கப்பட்டது என்னும் வாதம் பல மேடைகளில் ஒலித்தது. இவ்வாதத்தில் எழுத்து, குறி, உரு ஆகிய மூன்றும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளன. ‘தமிழ்’ என்னும் சொல்லில் இலக்கணப்படி எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் குறிகள் ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. திரையில் தோன்றும் உருக்கள் எத்தனை என்பது எழுத்துருவைப் பொறுத்தது. ‘மி’, ‘ழ்’ ஆகியவற்றை ஒவ்வோர் உருவாக வரைந்திருந்தால் மூன்று, உறுப்புகளைச் சேர்த்து அமைத்திருந்தால் ஐந்து வரை. மூன்று எண்ணிக்கைகளும் சரியானவை. வேறு வேறு பொருள்களை எண்ணுகின்றன. 72 குறிகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் எழுத இயலும் என்பதால் இடம் போதவில்லை என்னும் வாதம் வலுவற்றது.

ஆயினும் ஒருங்குறி மீதான குறைகள் அனைத்தும் அறியாமையால் எழுந்தவை என்று கூறுவது நேர்மையாகாது. அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை முன்மொழிந்தோர் இட எண்ணிக்கையோடு வேறொரு வாதத்தையும் வைத்தனர். இலக்கணத்தின் அலகும் கணினியின் அலகும் ஒன்றாக இருந்தால் எழுத்தெண்ணுதல், புணர்ச்சி, யாப்புப் பகுப்பு முதலியவற்றுக்கான நிரல்கள் எளிமையாகும் என்பது அது. இது கருத்தில் கொள்ள வேண்டிய வாதம். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரங்களாக ஏற்றபோது இவ்வாதமும் பின்னணியில் இருந்தது. வலுவான வாதத்தை வலுவற்ற வாதம் மறைத்துவிட்டதே இங்கு நேர்ந்த இழப்பு. குறியையும் எழுத்தையும் பிரித்துப் பேசும் சொற்கள் பொதுவழக்கில் நிலைத்திருந்தால், ‘எங்கள் எழுத்துகளைக் காணோம்’ என்பதற்கு மாறாக ‘எங்கள் இலக்கணத்தின் அலகு குறி நிலையில் இல்லை’ என்று கேட்டிருக்கலாம். இக்கேள்விக்கு ஒருங்குறி ஒருவகையில் பின்னர் விடையளித்தது: ‘க்’ முதலிய மெய்களும் உயிர்மெய்களும் பெயரிட்ட தொடர்களாக அதன் தரவுகளில் இடம்பெற்றுள்ளன. தமிழ்க் கட்டுரைகளில் இதைப் பற்றிய குறிப்பைக் காண்பது அரிது.

சொற்களைப் பிறர் வகுக்க விட்டதன் விளைவுக்கும் ஒருங்குறியே சான்று. அதன் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியது. இஸ்கி தேவநாகரியை மையமாகக் கொண்டது. ஆகவே ஆய்தத்துக்கு ‘விசர்க்கம்’ என்றும் புள்ளிக்கு ‘விராமம்’ என்றும் பெயர்கள் அமைந்தன. தமிழில் வழங்காத அனுசுவாரத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. விசர்க்கம் பிற எழுத்தைச் சார்ந்து வரும் குறி. ஆய்தமோ தனக்கென வடிவும் மாத்திரையும் உடைய எழுத்து. பெயர் பிழையானதோடு பண்பும் பிழையாயிற்று. சார்ந்துவரும் குறியாக வகைப்படுத்தப்பட்டிருந்த ஆய்தம் பின்னரே எழுத்து என்னும் வகைக்கு மாற்றப்பட்டது. வகையை மாற்ற முடிந்தது. பெயரை மாற்ற முடியாது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் கொள்கை. மெய்யை அடிப்படையாகக் கொண்டு உயிர் ஏறுவதாகக் கருதும் தமிழ் இலக்கணத்துக்கு மாறாக, அகரமேறிய ககரத்தை அடிப்படையாக வைத்து அதன் அகரத்தைப் புள்ளி நீக்குவதாகக் கொள்ளும் பார்வையும் இவ்வழியே தரத்துக்குள் வந்தது.

கோடுகளும் உறுப்புகளும்

வடிவமைப்பின் சொற்களில் சிக்கல் வேறு வகையினது. எழுத்துகள் அமரும் கற்பனைக் கோட்டை ‘அடிக்கோடு’ எனப் பெயர்க்கும் வழக்கு உண்டு. அடிக்கோடிடுதல் என்பது சொல்லின் கீழே கோடிடுவதற்கு நெடுநாளாக வழங்குவது. இரண்டும் எழுத்துச் செயலியின் ஒரே பட்டியலில் வரக்கூடியவை. ‘நிலைக்கோடு’ என்றால் இம்மயக்கம் இல்லை.

‘எக்ஸ் உயரம்’ என்பதன் நிலை இதனினும் சுவையானது. உரோமனின் சிற்றெழுத்து எக்ஸ் எவ்வளவு உயரம் என்பது அது. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து இல்லை, எக்ஸும் இல்லை. ஆனால் அளவிட வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலம் எழுதப் பழகும் சிறுவருக்கு நான்கு கோட்டு நோட்டும் தமிழ் எழுதப் பழகுவோருக்கு இரட்டைக்கோட்டு நோட்டும் தருவது நம் பள்ளிகளின் வழக்கம். பகர, மகர, யகரங்கள் அவ்விரு கோடுகளுக்குள் அடங்கும். விலங்கும் புள்ளியும் மேற்கோட்டைத் தாண்டும். தகரம், ழகரம், றகரம் ஆகியவற்றின் வால்களும் உகரக் குறிகள் பலவும் கீழே இறங்கும். அவ்விரு கோடுகளுக்கு இடைப்பட்டதை ‘உடலுயரம்’ எனலாம். பள்ளிக்கூடத்துக் கடைக்காரர் அறிந்த ஒன்றை வடிவமைப்பு நூல்கள் எக்ஸைக் கொண்டு விளக்குவது வேடிக்கை.

இதில் உயிரான பிரச்சினை ஒன்று அடங்கியுள்ளது. உரோமனில் மேலேறுவது பெரும்பாலும் எழுத்தின் தண்டு. தமிழில் மேலேறுவது பொருள் வேறுபடுத்தும் குறி. உரோமன் எழுத்துகளின் அளவுகளைக் கொண்டு வரியுயரம் வகுத்த செயலிகளில் தமிழின் மேல்விலங்கும் புள்ளியும் வெட்டுண்டு போவதைக் கைப்பேசியில் தமிழ் படிப்போர் கண்டிருப்பர். தண்டு சற்றே குறைந்தால் உரோமன் எழுத்து அழகு குன்றும். புள்ளி மறைந்தால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். நெருக்கமான வரிகளில் அடங்கவென்றே நோட்டோ தமிழ் எழுத்துருவுக்குத் தனியே ஓர் இடைமுகப் பதிப்பு ஆக்கப்பட்டது. மேலேறுவதையும் கீழிறங்குவதையும் ஒப்பனையாகக் கருதச் செய்யும் கலைச்சொற்கள் இத்தகைய வேறுபாட்டை வடிவமைப்பாளரின் கண்ணிலிருந்து மறைக்கும்.

செரிஃப் என்பதும் அத்தகையதே. உரோமன் எழுத்துகளின் கோட்டு முனைகளில் உள்ள சிறு கீற்று அது. தமிழ் வடிவங்களுக்கு அது இயல்பன்று. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏறத்தாழ ஒரே தடிப்புடையது. இன்று தமிழ் எழுத்துருக்களின் பெயரில் ‘செரிஃப்’ வரும்போது அது பெரும்பாலும் தடிப்பு மாறும் கோட்டையே உணர்த்துகிறது. உரோமன் எழுத்துரு ஒன்றுக்குத் துணையாகத் தமிழ் வரையப்படும்போது குடும்பப் பெயரும் உடன் வந்துவிடுகிறது. தமிழ் எழுத்துருக்களை வகைப்படுத்த ‘ஒருசீர்க் கோடு’, ‘தடிப்புமாறு கோடு’ என்னும் பிரிவே போதுமானது.

புதிதாக ஆக்க வேண்டாத சொற்களும் பல உள. துணைக்கால், மேல்விலங்கு, மேல்விலங்குச் சுழி, இறங்கு கீற்று, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் திண்ணைப் பள்ளி முதல் வழங்கிவரும் பெயர்கள் உண்டு. தண்டு, கிண்ணம், வால் எனப் பிறமொழி உறுப்புப் பெயர்களைப் பெயர்த்துத் தரும் பட்டியல்களில் இவை இடம்பெறாமை வருந்தத்தக்கது. கெர்னிங், ஹின்டிங் ஆகியவற்றுக்கு ‘இணையிடை’, ‘கட்டப்பொருத்தம்’ போன்றவற்றை ஆளலாம்; ஒலிபெயர்த்தே வழங்கினும் கேடில்லை. அவை வேறெந்தச் சொல்லின் இடத்தையும் பறிப்பதில்லை.

கூட்டெழுத்தும் பழைய வடிவங்களும்

லிகேச்சர் என்பதற்குக் ‘கூட்டெழுத்து’ என்பது எளிய பெயர்ப்பு. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றுக்கும், சுவடிகளில் மெய்களைப் பிணைத்தெழுதிய வடிவங்களுக்கும் இச்சொல் பொருந்தும். ஓப்பன்டைப் எழுத்துருவின் விதிகளிலோ ‘மு’, ‘டி’ போன்றவற்றைத் தனியுருவாக மாற்றுவதும் லிகேச்சர் என்றே அழைக்கப்படும். அதை அப்படியே பெயர்த்தால் ‘மு’ கூட்டெழுத்து என்றாகும். இலக்கணம் கற்ற எவரும் அதை ஏற்கார். அது உயிர்மெய். எழுத்துருவுக்குள் நிகழும் இச்செயலை ‘உருச்சேர்க்கை’ எனலாம். ஒரே உகரக் குறி கு, சு, டு, து, மு என ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உருக்கொள்வதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உலக மொழிகளில் அதிகம் இராது.

இவ்வேறுபாட்டின் நேரடிப் பயன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட நூல்களின் மின்பதிப்பில் உள்ளது. 1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கி, 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற சீர்திருத்தம் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவத்தையும் ணா, றா, னா முதலியவற்றின் பழைய வடிவத்தையும் மாற்றியது. மொத்தம் 13 எழுத்துகள். இதை ‘எழுத்துச் சீர்திருத்தம்’ என்கிறோம். எழுத்து ஒன்றும் மாறவில்லை. ஒருங்குறி நோக்கில் குறியும் மாறவில்லை. லகரமும் ஐகாரக் குறியும் அன்றும் இன்றும் அவையே. மாறியது உரு மட்டும். எனவே 1950இல் அச்சான நாவலொன்றை இன்று ஒருங்குறியில் தட்டச்சிட்டு, பழைய உருக்களைக் கொண்ட எழுத்துருவை இட்டால் அக்காலத் தோற்றம் கிடைக்கும். தற்கால எழுத்துருவை இட்டால் இன்றைய தோற்றம் கிடைக்கும். கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. பழைய தும்பிக்கை வடிவங்களுக்குத் தனிக் குறிகள் வேண்டும் என்னும் கோரிக்கை இதனால் தேவையற்றதாகிறது. ஆனால் மூலப்படியில் ஒரே பக்கத்தில் இருவகை வடிவங்களும் கலந்து வந்திருந்தால், எது எங்கு வந்தது என்பதைக் குறிகள் காட்டா. அத்தகவலைப் பதிப்பாசிரியர் கோப்பின் அடையாளக் குறிப்புகளில் தனியே பதிய வேண்டும். அப்பதிவுக்கான புலத்துக்கு ‘எழுத்து வடிவம்’ எனப் பெயரிடுவதா, ‘உரு’ எனப் பெயரிடுவதா என்பதை மின்னூலகங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதையே இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.